மலையேற ஒரு பழைய வண்டி

மே மாதம் பிறந்துவிட்டால் தில்லித் தமிழர் வீடுகளில் இரண்டு பேச்சுகள்தான். ஒன்று, ஊருக்குப் போக ரயில் டிக்கெட் உறுதியாகிவிட்டதா? இரண்டு, இந்த வெயிலை எப்படித் தள்ளுவது? சில ஆண்டுகளாக மூன்றாவது பேச்சும் சேர்ந்திருக்கிறது. வேலைக்கு வந்த நம் வீட்டுப் பிள்ளைகள், "மணாலி வழியாக லடாக் போகிறேன், மோட்டார் சைக்கிளில்" என்று கிளம்பிவிடுகிறார்கள்.

2022 கோடையில் அந்தப் பேச்சு என் வீட்டுக்குள்ளும் நுழைந்தது. என் அக்காள் மகன் குர்காவில் வேலை பார்க்கிறான். சனிக்கிழமை இரவானால் சாம்பார் சாதத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான், "மாமா, ஒரு பழைய வண்டி வாங்கப் போறேன். அடுத்த வருஷம் லே வரைக்கும் போகணும்."

மறுநாளே திருநெல்வேலியிலிருந்து அக்காவின் தொலைபேசி. "தம்பி, உன்னை நம்பித்தான் அவனை அங்கே அனுப்பினேன். நீ வேண்டாம்னு சொன்னா கேப்பான். சொல்லிடு."

வேண்டாம் என்று சொல்வது எளிது. அவனும் தலையாட்டியிருப்பான். பிறகு யாரோ நண்பனின் வண்டியை, அதன் பிரேக் எப்படி, டயர் எப்படி என்று தெரியாமலே எடுத்துக்கொண்டு போயிருப்பான். தாய்மாமன் என்ற முறையில் எனக்கு இருந்த வழி ஒன்றுதான். போவதானால் ஒழுங்கான வண்டியில் போகட்டும்.

எனக்கு இதில் என்ன தெரியும் என்று வாசகர்கள் கேட்கலாம். இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும்.

2014 செப்டம்பரில் நானும் அலுவலக நண்பர்கள் இருவரும் ஹிமாசலப் பிரதேசத்திலுள்ள ஜலோரி கணவாய்க்குப் போனோம். அதன் உயரம் ஏறக்குறைய 3,120 மீட்டர். அதற்காகவே நான் ஒரு பழைய 350 சி.சி. வண்டியை கரோல்பாகில் வாங்கியிருந்தேன். பளபளவென்று மெருகேற்றிய டாங்க். தெருவே திரும்பிப் பார்க்கும் சத்தம். நான் கேட்டது ஒரே கேள்வி, "மலை ஏறுமா?" விற்றவர், "ஏன் ஏறாது, பாபுஜி?" என்றார்.

ஏறியது. ஒரு குறையும் இல்லாமல் ஏறியது. மறுபுறம் பஞ்சார் பக்கம் இறங்கும்போதுதான் சோதனை. தில்லி மேம்பாலத்தில் இறங்குவதுபோல் பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே இறங்கினேன். கொஞ்ச நேரத்தில் கருகிய வாடை வந்தது. பின் பிரேக் பெடல் பிடிப்பே இல்லாமல் கீழே போயிற்று. முன் பிரேக் லீவர் கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டது. ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் பள்ளம். மலைச்சுவர் ஓரத்து மண்மேட்டில் வண்டியைச் சாய்த்துப் பிழைத்தேன். இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல்.

பஞ்சாரில் ஒரு மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். பின் பிரேக் லைனிங் காகிதமாகத் தேய்ந்திருந்தது. முன் பிரேக் எண்ணெய் காப்பி டிக்காஷன் நிறத்தில் இருந்தது. வீட்டுக்கு வந்து, விடுதிக் குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னேன். எட்டு ஆண்டுகள் அந்தப் பொய் நிலைத்தது. மருமகன் வண்டி வாங்கக் கிளம்பிய அன்று அதை அவனிடமும் என் மனைவியிடமும் ஒன்றாகவே உடைத்தேன். மனைவி இரண்டு நாள் பேசவில்லை. ஆனால் பையன் நான் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டான்.

நான் சொன்னது இதுதான். மலைக்கு வண்டி பார்க்கும் புதியவர் எல்லாரும் 'ஏறுமா' என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டியது, 'இறங்குமா? நின்றால் நிற்குமா?' என்பது.

சக்தி எவ்வளவு வேண்டும்?

பையனுக்கு முதலில் 500 சி.சி. வண்டி மீதுதான் கண். மணாலி - லே சாலையில் உள்ள தங்லாங் லா கணவாய் 5,300 மீட்டருக்கும் மேலே. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் பாதியை ஒட்டித்தான் இருக்கும். காற்று குறைந்தால் எஞ்சினுக்கு மூச்சுத் திணறும். எந்த வண்டியானாலும் அங்கே சக்தியில் பெரும்பகுதியை இழந்துதான் ஏற வேண்டும். ஒத்தை ஆளுக்கு, அளவான மூட்டைக்கு, நல்ல நிலையிலுள்ள 350 சி.சி. வண்டி போதும்.

சக்தியைவிட முக்கியம் எடை. இந்த ரக வண்டிகள் 200 கிலோவை ஒட்டி இருக்கின்றன. இருக்கையில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும். சிறு மேட்டில் வண்டியைப் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். தில்லியிலேயே மூச்சு வாங்கினால், காற்று குறைந்த இடத்தில் கூழாங்கல்லுக்கு நடுவே என்ன செய்வீர்கள்?

எந்த ஆண்டு வண்டி?

இரண்டு தேதிகளை நினைவில் வையுங்கள். 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகள் எல்லாவற்றுக்கும் ஏ.பி.எஸ். என்ற சக்கரம் பூட்டிக்கொள்ளாத பிரேக் 2019 ஏப்ரலிலிருந்து கட்டாயமாயிற்று. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்ததும் பெரும்பாலான வண்டிகளில் கார்ப்பரேட்டர் போய், பெட்ரோலைத் தானே அளந்து செலுத்தும் இன்ஜெக்ஷன் முறை வந்தது. உயரம் கூடக்கூட அது கலவையைத் தானே சரிசெய்துகொள்ளும். கார்ப்பரேட்டர் வண்டியைக் கிராமத்து மெக்கானிக்கும் பழுது பார்த்துவிடுவார் என்பது உண்மைதான். ஆனால் உயரத்தில் பெட்ரோல் மிகுந்து, கறுப்புப் புகை கக்கித் திணறும். புதியவருக்கு 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய வண்டியே நல்லது.

மிகப் பழைய வண்டிகளில் வேறொரு சிக்கலும் உண்டு. 15 ஆண்டைத் தாண்டிய பெட்ரோல் வண்டிகள் தலைநகர் வட்டாரத்தில் ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014ல் ஆணையிட்டது. 2018ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. 2025ல் அதே நீதிமன்றம் தளர்வு காட்டியது. விதி மாறிக்கொண்டிருப்பதால், வாங்கும் நாளில் உள்ள நிலையை விசாரித்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் சூடாகுமுன்

வண்டி பார்க்கக் காலையில் போங்கள். "நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நோயை மறைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது என்று பொருள். குளிர்காலக் காலையில் சிறிது நேரம் வரும் வெண்மையான ஆவி வெறும் நீராவி, பயப்பட வேண்டாம்.

வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு, முன் சக்கரம் தரையில் படாதபடி தூக்கச் சொல்லுங்கள். ஹேண்டிலை மெதுவாக இரு பக்கமும் திருப்புங்கள். நடுவில் 'டக்' என்று ஓரிடத்தில் சிக்கினால் கோன் செட் தேய்ந்திருக்கிறது. முன் போர்க் குழாய்களில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா பாருங்கள். பின் பல்சக்கரத்தில் செயினைப் பின்புறமாக இழுத்துப் பாருங்கள். பாதிப் பல் வெளியே தெரிந்தால் செயின் செட் மாற்ற வேண்டியதுதான்.

ஹேண்டில் அளவுக்கு மேல் திரும்பாமல் இருக்கச் சட்டத்தில் ஒரு தடுப்பு உண்டு. அது நசுங்கியிருந்தாலோ, அந்த இடத்தில் மட்டும் புது பெயின்ட் இருந்தாலோ, வண்டி பலமாக விழுந்திருக்கிறது. விலை எவ்வளவு குறைந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். வளைந்த சட்டத்தை மலையில் நம்பக் கூடாது.

டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் அச்சிட்டிருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. பள்ளம் நன்றாக இருந்தாலும் ஐந்தாறு ஆண்டைத் தாண்டிய டயரை மாற்றிவிடுங்கள். சாவி போட்டதும் ஏ.பி.எஸ். விளக்கு எரிந்து, வண்டி நகர்ந்ததும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் பழுதை மறைக்க விளக்கைத் துண்டித்திருக்கலாம்.

காகிதங்கள்

ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் எண்ணையும் சாஸி எண்ணையும் வண்டியில் உள்ளதோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிடுங்கள். கடன் பாக்கி இருந்தால் வங்கியின் கையெழுத்தோடு படிவம் 35 வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வேறு மாநில வண்டியானால் படிவம் 28, அதாவது தடையில்லாச் சான்று. பெயர் மாற்றத்தை 'பிறகு பார்க்கலாம்' என்று விடாதீர்கள். வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். காப்பீட்டையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். வெளியூரில் வாடகைக்கு எடுத்த வண்டியில் லே வட்டாரத்தைச் சுற்ற, அங்குள்ள வாடகை வண்டிக்காரர்கள் பல ஆண்டுகளாக விடுவதில்லை. ஆர்.சி.யில் உங்கள் பெயர் இல்லாவிட்டால் உங்களையும் அப்படித்தான் நினைப்பார்கள்.

எங்களுக்குக் கிடைத்த வண்டி

நாங்கள் ஏழு வண்டிகள் பார்த்தோம். கரோல்பாகில் ஒன்றைப் பார்த்ததும் பையனின் முகம் மலர்ந்தது. அது என் 2014 வண்டியைப் போலவே மின்னியது. சத்தமும் அதே சத்தம். தடுப்பைத் தடவிப் பார்த்தான், நசுங்கியிருந்தது. ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்தான். நடந்துவிட்டோம்.

கடைசியில் ரோஹிணியில் ஒரு பள்ளி ஆசிரியரிடம் வாங்கினோம். 2020 வண்டி, 350 சி.சி. தூசி படிந்திருந்தது, பார்வைக்குச் சுமார்தான். ஆனால் மனிதர் பெட்ரோல் போட்ட கணக்கைக்கூட ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். சர்வீஸ் ரசீதுகள் ஒரு கோப்பு நிறைய. எஞ்சின் சில்லென்று இருந்தது. விலை 1,40,000 ரூபாய். கையில் 1,70,000 இருந்ததால் மீதியை நான் தொடவிடவில்லை. இரண்டு டயர், செயின் செட், பிரேக் பேட், பிரேக் எண்ணெய், கோன் பேரிங் எல்லாம் மாற்ற 22,000 ஆயிற்று. பழைய வண்டி வாங்குகிறவர்கள் கைப்பணம் முழுவதையும் விலையில் கரைத்துவிடக் கூடாது. பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்; சூடானால் கொதித்துப் பிடிப்பை இழக்கும். எனவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும்.

நேரே லடாக் போக விடவில்லை. நவம்பரில் லான்ஸ்டவுன் போய்வந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் குடியிருப்பு வாசலில் சக்கரம் கழற்றி மாட்டப் பழகினான். 2023 மே மாதம், "மாமா, ஜலோரி போவோமா?" என்றான். பின்னால் உட்கார்ந்து நானும் போனேன்.

இறக்கம் தொடங்கும் இடத்தில் நிறுத்தி அவனிடம் மறுபடியும் சொன்னேன். "ஏறின கியரிலேயே இறங்கு. எஞ்சின்தான் முதல் பிரேக். கிளட்சைப் பிடிச்சுக்கிட்டு உருளாதே. பெட்ரோல் மிச்சம்னு எஞ்சினை அணைக்காதே. பிரேக்கை அழுத்தி விடு, அழுத்தி விடு, பிடிச்சுக்கிட்டே இருக்காதே." இரண்டாம் கியரில் இறங்கினான். வழியில் மூன்று முறை நிறுத்தி, சக்கரத்தைக் குளிரவிட்டான். நான் விழுந்த மண்மேட்டைத் தேடினேன். சாலையை அகலப்படுத்தியிருந்தார்கள், அடையாளம் தெரியவில்லை. மணிக்கட்டு மட்டும் கொஞ்சம் வலித்ததுபோல் இருந்தது.

அந்த ஜூலையில் அவனும் நண்பர்கள் மூவரும் அடல் சுரங்கப்பாதை வழியாக லே போனார்கள். மோரே சமவெளியில் ஒரு பஞ்சர். தானே சக்கரத்தைக் கழற்றி டியூப் மாற்றினானாம். லே போய்ச் சேர்ந்ததும் எனக்கு முன்னால் அம்மாவுக்குத்தான் பேசினான். பிறகு அக்கா என்னை அழைத்தாள். "போய்ச் சேர்ந்துட்டானாம் தம்பி" என்றாள். சற்று நேரம் கழித்து, "ஆனா திரும்பி வரணுமே" என்றாள். அக்காவுக்கு மோட்டார் சைக்கிளைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் கேட்க வேண்டியது எது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது.

திரும்பியும் வந்தான். வண்டி இன்னும் அவனிடம்தான் இருக்கிறது.

இப்போது சங்கத்தில் எந்தப் பிள்ளையாவது, "மாமா, இந்த வண்டி மலை ஏறுமா?" என்று கேட்டால் நான் பதில் சொல்வதில்லை. "காலையில் வா, எஞ்சின் சூடாகுமுன் போய்ப் பார்ப்போம்" என்கிறேன்.