வாயைத் திறக்காமல் ஒரு நாள்
(தொடர்: டோக்கியோவில் தனி ஆள்)

சென்ற வாரம் ஷின்ஜுகு ஸ்டேஷனில் உங்களை நிறுத்திவிட்டுப் போயிருந்தேன். உலகிலேயே அதிகக் கூட்டம் புழங்கும் ஸ்டேஷன் என்று கின்னஸில் ஏறிய இடம்; வாசல்கள் மட்டும் 200-க்கும் மேல். எப்படியோ ஒரு வாசல் வழியாக வெளியே வந்தாயிற்று. பசி.

நம்மூரில் தனியாக லாட்ஜுக்குப் போனாலே ஏற இறங்கப் பார்ப்பார்கள். இங்கே தனி ஆளுக்காகவே கடை கட்டி வைத்திருக்கிறார்கள். ராமென் கடை வாசலில் ஒரு இயந்திரம். காசைப் போட்டுப் படத்தைப் பார்த்துப் பொத்தானை அமுக்கினால் சீட்டு வரும். உள்ளே அதை நீட்டினால் போதும். ஃபுகுவோகாவிலிருந்து வந்த இச்சிரான் கடைகளில் இன்னும் ஒரு படி மேலே. இருக்கைக்கு இருக்கை பலகைத் தடுப்பு, எதிரே மூங்கில் திரை. நூடுல்ஸ் எவ்வளவு வேக வேண்டும், பூண்டு எவ்வளவு என்று தாளில் குறித்துக் கொடுத்தால், திரைக்குப் பின்னாலிருந்து இரண்டு கைகள் கிண்ணத்தை வைத்துவிட்டு மறையும். முகமே தெரியாது. (பன்றி எலும்பில் கொதித்த சாறு, சைவர்கள் கவனிக்க.)

ரயிலிலும் அதே கதை. 2001-இல் வந்த சுயிகா பயண அட்டையால் நுழைவாயிலைத் தொட்டால் கதவு திறக்கும். ஊரைச் சுற்றும் யமனோத்தே தடத்தில் 30 நிலையங்கள், ஒரு சுற்றுக்குச் சுமார் ஒரு மணி நேரம். பெட்டி நிறைய ஆள். ஆனால் போனில்கூட ஒருவரும் பேசுவதில்லை. பேசக் கூடாதென்பது ஊர் வழக்கம். நள்ளிரவு தாண்டினால் ரயில் நின்றுவிடும். கடைசி வண்டியை விட்டவர்களுக்குக் கேப்சூல் ஹோட்டல்; கிஷோ குரோகாவா வடிவமைத்து 1979-இல் ஒசாகாவில் தொடங்கியது அது. படுக்கிற அளவுக்குத்தான் இடம். அங்கும் பேச்சில்லை.

வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் காலையிலிருந்து இரவுவரை யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் இருந்துவிட முடிகிற ஊர் எனக்குக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

பேச வைப்பது இந்த ஊர் முகவரிதான். பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது. வட்டாரம், அதற்குள் மனைத்தொகுதி, அதற்குள் கட்டடம், எல்லாம் எண்கள். பழைய பகுதிகளில் எண்களும் வரிசையாக இருக்காது. கட்டிய காலவரிசைப்படி கொடுத்ததாம். மூன்றின் பக்கத்தில் பதினொன்று இருக்கும். கூகுள் மேப் இருக்கிறதே என்பீர்கள். உயரக் கட்டடங்களுக்கு நடுவே அந்த நீலப் புள்ளி சாலைக்குச் சாலை தாவிக்கொண்டிருந்தது.

அதற்குத்தான் முனைக்கு முனை கோபான் என்னும் சின்னப் போலீஸ் சாவடிகள். வழி சொல்வது அவர்கள் வேலைகளில் ஒன்று. சுவரில் வட்டார வரைபடம், உள்ளே ஒரு காவலர். ஆங்கிலம் அவருக்கு அவ்வளவாக வராது. ஜப்பானியம் எனக்குச் சுத்தமாக வராது. கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

(தொடரும்)