கடைசிக் கம்பத்தின் கதி

வீட்டில் விளக்கு எரிகிறது. வயலில் மோட்டார் கிளம்பவில்லை. நீண்ட மின்சார லயனின் கடைசிக் கம்பத்தருகே கிணறு வைத்திருக்கும் தமிழ்நாட்டுக் குடியானவரைக் கேட்டால் இதைத்தான் சொல்வார். மும்முனை மோட்டாருக்கு 415 வோல்ட் வேண்டும். வோல்டேஜ் 10 சதவிகிதம் குறைந்தால் மோட்டார் கிளம்பும் வலிமை சுமார் 19 சதவிகிதம் குறைந்துவிடும். அது திணறி, அதிக மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறுகிறது, சுருள் கருகுகிறது. குடியானவர் கடன்பட்டுப் பெரிய மோட்டார் வாங்குகிறார். லயனில் பாரம் ஏறி, அடுத்த வயல் மோட்டாரும் படுத்துவிடுகிறது. இந்தக் குற்றம் அவருடையதன்று என்பதே நமது அபிப்பிராயம்.

புதிய லயன், புதிய டிரான்ஸ்பார்மர் என்பதே பரிகாரமென்று சொல்வோர் உண்டு. சில இடங்களில் அவை அவசியமே. ஆனால் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்?

முதலாவது, மூன்று பேஸ்களிலும் பாரத்தைச் சமமாகப் பங்கிட வேண்டும். இதற்கு ஆள் கூலியே பெருஞ்செலவு. இரண்டாவது, டிரான்ஸ்பார்மரின் 'டேப்'பைச் சரிபார்க்க வேண்டும். ஆனால் கடைசி வயலுக்காக அதை அளவுமீறி உயர்த்தினால், பாரம் குறைந்த இரவில் அருகிலுள்ள வீட்டு விளக்குகள் பழுதாகும். எனவே மூன்றாவதே முக்கியமானது: மோட்டாருக்குப் பக்கத்திலேயே கெபாசிட்டர்.

தண்ணீர் இறைப்பதற்கு வேண்டிய மின்னோட்டத்தோடு, காந்த சக்தி உண்டாக்கவும் மோட்டார் தனியாக மின்னோட்டம் இழுக்கிறது. கெபாசிட்டர் அதனை அவ்விடத்திலேயே ஈடு செய்வதால், லயன் அதைச் சுமக்க வேண்டியதில்லை. பவர் பாக்டர் 0.75-லிருந்து 0.95-க்கு உயர்ந்தால், மின்னோட்டம் சுமார் 21 சதவிகிதம் குறையும். கம்பியில் வீணாகும் சக்தியோ சுமார் 38 சதவிகிதம் குறையும். மோட்டாரோடு சேர்த்தே இணைத்துவிட்டால், மோட்டார் நிற்கும்போது கெபாசிட்டரும் நிற்கும்.

அதை வாங்குவது யார்? தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாயிகளுக்கு மின்சாரம் இலவசம். அச்சலுகையை நாம் குறை கூறவில்லை. ஆனால் பில் கட்டாதவருக்குச் சிக்கனத்தால் வரும்படி இல்லை. ஒருவர் மட்டும் மாட்டினால் பலன் அற்பம். ஊரே மாட்டினால்தான் கடைசிக் கம்பத்துக்கு விமோசனம். நஷ்டம் குறைவதால் மிச்சமாகும் பணமும் லயனுக்குரியவருக்கே. லாபம் யாருக்கோ, செலவும் அவருக்கே என்பதுதான் நியாயம். ஆகவே மின்சார நிர்வாகமே கெபாசிட்டர்களைப் பொருத்தி, ஆண்டுதோறும் சோதித்து, கெட்டவற்றை மாற்றவும் வேண்டும்.

கம்பியை இழுத்துவிட்டதோடு கடமை தீர்ந்ததாகாது. கடைசிக் கம்பத்தின் வோல்டேஜைக் கேட்டறியாத நிர்வாகம், அங்குள்ள குடியானவரைப் பிரஜையாக மதிக்கவில்லை என்றே நாம் கருதுவோம்.