துலூஸ் டு செத்... நாலு நாள் லீவு, ரெண்டு ஓட்டை சைக்கிள்!

ஃபிரான்ஸ்ல சைக்கிள் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? மஞ்சள் ஜெர்சி, ஆல்ப்ஸ் மலை, எலும்பும் தோலுமாக மூச்சு வாங்க மேலே ஏறும் வீரர்கள்... அதானே? ஸாரி பாஸ், இது அந்தக் கதை இல்லை. செகண்ட் ஹேண்ட் சைக்கிள், கேரியரில் கயிறு போட்டுக் கட்டின டென்ட், லேசாக எட்டிப் பார்க்கும் தொப்பை என்று கிளம்பிய ரெண்டு பேர், கால்வாய்க் கரையோரமாகவே உருட்டிப் போய்க் கடலைப் பார்த்த கதை.

2018 மே மாதம். நான் துலூஸ் நகரத்தில் படித்துக்கொண்டிருந்தேன். ரூம்மேட் அங்கேயே ஒரு கம்பெனியில் ட்ரெயினி. மதுரைக்காரன். மே 10, வியாழக்கிழமை, ஏசுநாதர் விண்ணேறிய திருநாள். நாடு முழுக்க லீவு. வியாழன் லீவு வந்தால் ஃபிரெஞ்சுக்காரர்கள் வெள்ளியையும் சேர்த்துப் போட்டுவிடுவார்கள். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பேர், 'பாலம் போடுறது'! நம்ம ஊரில் நாம செய்யாததா? ஆனால், இவனுக்கு லீவு கேட்க வாய் வரவில்லை. "ட்ரெயினி போய் லீவு கேட்டா என்னடா நினைப்பாங்க?" என்று மூணு நாள் புலம்பினான். கடைசியில் அவனுடைய மேலதிகாரியே, "வெள்ளிக்கிழமை நீ மட்டும் தனியா வந்து என்ன பண்ணப்போறே?" என்று கேட்டுவிட்டார். அப்படியும் மனசு ஆறாமல், ஆபீஸ் லேப்டாப்பை டவலில் சுற்றி சைடு பையில் வைத்துக்கொண்டான். டென்ட்டை விட அதுதான் கனம்!

நாங்கள் பிடித்த ரூட், கனால் டு மிடி. துலூஸில் ஆரம்பித்து மத்தியதரைக் கடல் பக்கம் செத் துறைமுகம் வரைக்கும் 240 கிலோமீட்டர் கால்வாய். (ஆமாம், ஊர் பேரே செத்! போய்ச் சேரும்போது நீங்க எப்படி இருப்பீங்கன்னு முன்னாடியே சொல்லிடறாங்க.) இதை வெட்டியவர் பியர் பால் ரிகே. எஞ்சினீயர் இல்லை, உப்பு வரி வசூல் செய்தவர். 1666-ல் ராஜாவிடம் அனுமதி வாங்கி, சொந்தக் காசையும் கொட்டி, ஒரு கட்டத்தில் 12,000 பேரை வைத்து வேலை வாங்கினார். கடைசியில் கடனோடு 1680-ல் செத்துப்போனார். அடுத்த வருஷம்தான் கால்வாய் திறந்தது. பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை மனுஷனுக்கு.

இதில் சைக்கிள்காரனுக்கு என்ன லாபம்? அந்தக் காலத்தில் படகுகளைக் கரையிலிருந்து குதிரைகள்தான் இழுத்தன. அந்தக் குதிரைப் பாதைதான் இப்போது சைக்கிள் பாதை. தண்ணீர் மலை ஏறாது இல்லையா? அதனால் பாதையும் ஏறாது! மதகு வருகிற இடத்தில் மட்டும் சின்னதாக ஒரு ஏற்றமோ இறக்கமோ இருக்கும். மொத்த ரூட்டிலும் உச்சி என்பது நோரூஸ் என்ற இடம்தான். கடல் மட்டத்திலிருந்து சுமார் 190 மீட்டர். கறுப்பு மலை என்று ஒரு மலை, அதன் ஓடைகளை எல்லாம் திருப்பி, இந்த உச்சிக்குக் கொண்டுவந்து விட்டார் ரிகே. இங்கே வந்து சேரும் தண்ணீரில் ஒரு பங்கு மேற்கே அட்லாண்டிக் பக்கமும், மறுபங்கு கிழக்கே மத்தியதரைக் கடல் பக்கமும் போகும். ஒரே தண்ணி, ரெண்டு கடல்!

இதையெல்லாம் நின்று ரசிக்கிற நிலையிலா நாங்கள் இருந்தோம்? காலையில் துலூஸிலிருந்து ஏதோ போட்டி மாதிரி மிதித்தோம். எங்களை முந்தியவர்களை எல்லாம் திருப்பி முந்தினோம். வழியில் டேன்டம் சைக்கிளில் ஒரு தாத்தாவும் பாட்டியும் ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தார்கள். "பொன்ஜூர்" என்று ஸ்டைலாகச் சொல்லிவிட்டு அவர்களையும் தாண்டினோம். கையில் ரெண்டு பாக்கெட் பிஸ்கட்தான். வழியில் வாங்கிக்கலாம் என்று நினைப்பு. ஃபிரெஞ்சு கிராமத்தில், திருநாள் அன்னிக்கு, மத்தியானம் ரெண்டு மணிக்குக் கடையா? ஷட்டர், ஷட்டர், ஷட்டர். ஒரு பூனைதான் நடமாடியது.

நோரூஸ் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ரூம்மேட் சைக்கிளை அப்படியே சாய்த்துவிட்டுக் கீழே உட்கார்ந்தான். கை நடுங்குகிறது. முகம் வெளுத்துப்போச்சு. "மச்சான், என்னால முடியலடா. டிரெயின் புடிச்சுத் திரும்பிடலாம்." எனக்கும் கண்ணில் பூச்சி பறந்தது. பத்து நிமிஷத்தில் அந்த டேன்டம் மெதுவாக வந்து நின்றது. பாட்டி ஒண்ணும் கேட்கவே இல்லை. அரை முழ ரொட்டி, ஒரு துண்டு சீஸ், நாலு உலர்ந்த அத்திப்பழம் எடுத்து நீட்டினார். தாத்தா மட்டும் சிரித்துக்கொண்டே, "வெலோசியோ சொன்னதைக் கேட்கலையா நீங்க?" என்றார்.

யார் அந்த வெலோசியோ? நிஜப் பேர் பால் த விவி. சாந்த் எத்தியேன் ஊரில் பட்டு வியாபாரம் பார்த்தவர். 1887-ல் சைக்கிளுக்காகவே ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். ஊர் சுற்றுகிறவர்களுக்கு ஏழு விதிகள் எழுதி வைத்தார். பசிக்கும் முன்னே கொஞ்சம் சாப்பிடு, தாகம் எடுக்கும் முன்னே குடி, ரொம்ப நேரம் உட்காராதே, முதல் சில மணி நேரம் முக்கி மிதிக்காதே... முத்தாய்ப்பாக, கெத்துக் காட்டுறதுக்காக மிதிக்காதே! ஏழில் பாதியை நாங்கள் முதல் நாள் மத்தியானத்துக்குள் மீறியிருந்தோம். இன்னொரு சங்கதி. நாம் ஈஸியாக மாற்றுகிற கியர் இருக்கிறதே, அது வேண்டும் என்று அந்தக் காலத்தில் பிடிவாதமாகச் சண்டை போட்டவர் இவர். டூர் தி ஃபிரான்ஸை நடத்திய ஆன்றி தெகிராஞ்சோ, கியர் எல்லாம் வயசானவர்களுக்கு என்று கிண்டல் செய்தார். அந்தப் போட்டியில் செயின் மாற்றும் கியரை அனுமதித்தது 1937-ல்தான். வெலோசியோ 1930-லேயே போய்விட்டார். ரிகே கதைதான் திரும்பவும்!

அன்று ராத்திரி காஸ்தெல்நோதாரி. வெள்ளை மொச்சை, வாத்துக் கறி, சாசேஜ் எல்லாம் மண் சட்டியில் போட்டு மணிக்கணக்கில் வேகவைக்கிற கசூலேக்குப் பேர் போன ஊர். ரூம்மேட் சட்டியைச் சுரண்டிய சுரண்டலில் சர்வரே பயந்துவிட்டார்.

இரண்டாவது நாளிலிருந்து மெதுவாகவே போனோம். நாங்கள் போனபோது அந்தப் பக்கம் தார் முடிந்து மண் பாதை. மர வேர்கள் குறுக்கே ஓடும். ஒரு பஞ்சர், ஒரு தரம் செயின் அறுந்தது. கார்கசோன் கோட்டையைத் தாண்டினால் திராட்சைத் தோட்டங்கள். மேற்கிலிருந்து வீசும் காற்றுக்கு அங்கே 'செர்ஸ்' என்று பேர். முதுகில் கை வைத்துத் தள்ளுவது மாதிரி இருக்கும். எதிரே வந்தவர்களைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது.

ஆனால், ஒரு விஷயம் உறுத்தியது. இந்தக் கால்வாயை நினைத்தாலே ரெண்டு பக்கமும் கோபுரம் மாதிரி நிற்கும் பிளாட்டான் மரங்கள்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். மொத்தம் 42,000 மரங்கள். 2006-ல் ஒரு பூஞ்சை நோய் கண்டுபிடித்தார்கள். ரெண்டாம் உலகப்போரில் அமெரிக்காவிலிருந்து வந்த வெடிமருந்துப் பெட்டிகளின் பலகையில் ஒட்டிக்கொண்டு ஃபிரான்ஸுக்குள் நுழைந்ததாக நம்பப்படுகிறது. வைத்தியம் கிடையாது. வெட்டி, எரிப்பதுதான் வழி. வேரில், தண்ணீரில், படகு உரசும் இடத்தில் என்று பரவிக்கொண்டே இருக்கும். 20,000-க்கும் மேல் வெட்டிவிட்டார்கள். நிழலிலேயே போய்க்கொண்டிருப்போம், திடீரென்று மொட்டை வெயில். கரையில் அடிமரங்கள் மட்டும் வரிசையாக நிற்கும். பக்கத்தில் இடுப்பளவு புதுக் கன்றுகள், வேறு ஜாதி. அந்த இடங்களில் ரூம்மேட் பேசவே மாட்டான்.

டேன்டம் தாத்தாவும் பாட்டியும்? தினமும் நாங்கள் முந்துவோம், தினமும் சாயங்காலம் ஊராட்சி நடத்துகிற கேம்பிங் மைதானத்தில் எங்களுக்கு முன்னாடி டென்ட் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். இது எப்படி என்று இன்றுவரை புரியவில்லை.

பெசியே ஊரில் ஃபோன்செரான் மதகு வரிசை. எட்டு தொட்டிகள் படிக்கட்டு மாதிரி அடுக்கி இருக்கும். படகு ஒவ்வொன்றாக இறங்குவதைப் பார்க்க ஒரு கூட்டமே நிற்கும். நாங்களும் ஒரு மணி நேரம் வாயைப் பிளந்து நின்றோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செத். ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கடல், நடுவில் மணல் திட்டு, அதில் சைக்கிள் பாதை. சொர்க்கம்!

ஸ்டேஷனுக்குப் போனால்... டிரெயின் கேன்சல்! அந்த வருஷம் ஏப்ரலிலிருந்து ஜூன் வரை ரயில்வே ஊழியர்கள் ஐந்து நாளைக்கு ரெண்டு நாள் வேலைநிறுத்தம். மே 13, 14 ரெண்டும் லிஸ்ட்டில் உண்டு. தேதி எல்லாம் முன்கூட்டியே பேப்பரில் வந்ததுதான், எங்கள் மரமண்டைகள்தான் பார்க்கவில்லை. ரூம்மேட் பொரிந்து தள்ளினான். "நாளைக்கு நான் ஆபீஸ் போகணும்டா! இவனுங்களுக்கு வேற வேலையே இல்லையா?"

பின்னாடி அதே தாத்தா குரல். இவன் பேசியது தமிழ்தான், ஆனாலும் அவருக்குப் புரிந்திருக்கிறது. "எங்க அப்பா மாசாமேயில கம்பளி மில்லுல வேலை பார்த்தார். இருபத்தஞ்சு வயசு வரைக்கும் கடலைப் பார்த்ததே இல்லை. இத்தனைக்கும் நூத்தி சொச்சம் கிலோமீட்டர்தான்."

அப்புறம் அவர் சொன்னது இது. 1936 மே, ஜூனில் ஃபிரான்ஸ் முழுக்கத் தொழிலாளர்கள் ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து ஸ்டிரைக் செய்தார்கள். ஜூனில் சட்டம் வந்தது. சம்பளத்தோடு வருஷத்துக்கு ரெண்டு வாரம் லீவு. ஏழை எளியவர்களுக்கு டிரெயினில் 40 சதவிகிதம் தள்ளுபடி. அதற்கும் காசு இல்லாதவர்கள் டேன்டத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். அந்த ரெண்டு வாரம்தான் வளர்ந்து 1982-ல் ஐந்து வாரம் ஆனது.

"அந்த ஆகஸ்ட்டுல அப்பாவும் அம்மாவும் டேன்டத்துல இங்கேதான் வந்தாங்க. ஸ்டிரைக் நடக்கலைன்னா அவர் கடலையே பார்த்திருக்க மாட்டார்" என்றார் தாத்தா. அவர்கள் செவ்வாய்க்கிழமைதான் திரும்புகிறார்களாம். லிஸ்ட்டைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறார்கள்!

ரூம்மேட் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு டவலைப் பிரித்து, நாலு நாளில் முதல் தடவையாக லேப்டாப்பைத் திறந்தான். "திங்கட்கிழமை வர முடியாது. செத்தில் இருக்கிறேன்" என்று மெயில். ஸாரி போடலாமா வேண்டாமா என்று ரெண்டு தரம் எழுதி ரெண்டு தரம் அழித்தான். கடைசியில் ஸாரி இல்லாமலே அனுப்பினான். அந்த ஊர் ஸ்பெஷல், தக்காளி போட்ட ஆக்டோபஸ் தியேல், ஆளுக்கு ரெண்டு வாங்கிக்கொண்டு கடற்கரைக்கு நடந்தோம்.

மறுநாள் காலை எட்டரைக்குப் பதில் வந்தது. ஒரே வரி. "தண்ணி எப்படி இருக்கு?"

சில்லுன்னு இருந்தது.