நடக்கத் தெரிந்த மீன், ஊர் மாறத் தெரியாத மீன்

மீன்னா நீந்தும். ஆனா ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியா தீவில், ஹோபார்ட் நகரை ஒட்டிய டெர்வென்ட் கழிமுகத்தில் ஒரு மீன் தரையில் நடக்கிறது. ஆங்கிலத்தில் ஸ்பாட்டட் ஹேண்ட்ஃபிஷ் என்பார்கள். நாம் புள்ளிக் கைமீன் என்று வைத்துக்கொள்வோம். நீளம் அதிகம் போனால் 12 செ.மீ. தான். பிரெஞ்சுக்காரர் லாசெபேட் 1804-லேயே இதை அறிவியல் முறையில் விவரித்துவிட்டார்.

ஏன் நடக்கணும்? பல மீன்களுக்கு உடம்புக்குள் ஒரு காற்றுப்பை உண்டு. அதுதான் தண்ணீரில் மிதக்க உதவுகிறது. கைமீனுக்கு அது கிடையாது. அதனால் தரையோடு தரையாகக் கிடந்து, கை மாதிரி இருக்கும் துடுப்புகளை ஊன்றி மெல்ல நகர்கிறது. அவசரத்துக்குக் கொஞ்ச தூரம் நீந்தும், அவ்வளவுதான்.

நடை மட்டும் என்றால் பரவாயில்லை. நிறைய கடல் மீன்களின் குஞ்சுகள் பிறந்ததும் நீரோட்டத்தோடு மிதந்து தொலைவான இடங்களுக்குப் போய்ச் சேரும். தாய் நகராவிட்டாலும் பிள்ளைகள் பரவிவிடும். கைமீனுக்கு இந்த மிதக்கும் பருவமே இல்லை. கடலடியில் காம்பு போல நிற்கும் அசிடியன் என்ற சிற்றுயிரைச் சுற்றித் தாய் முட்டையிட்டு, ஏழெட்டு வாரம் காவல் இருக்கும். பொரிந்து வரும் குஞ்சு, அப்பாம்மாவின் குட்டி அச்சு. அதுவும் அங்கேயே தரையில் இறங்கி நடக்க ஆரம்பிச்சிடும்.

ஆக, ஓரிடத்தில் இந்த மீன் அழிந்தால் பக்கத்திலிருந்து வந்து நிரப்ப ஆளில்லை.

சிக்கல் அங்கேதான் வந்தது. வட பசிபிக்கைச் சேர்ந்த ஒரு நட்சத்திர மீன் 1980-களில் டெர்வென்ட்டில் பெருகியது. அது அந்த அசிடியனைத் தின்கிறது. முட்டை வைக்கக் காம்பு இல்லை. போதாக்குறைக்கு, படகுகளைக் கட்டும் சங்கிலிகள் தரையில் இழுபட்டு மிச்சத்தையும் வழித்துவிடுகின்றன. 1996-ல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதை மிக அருகிவிட்ட இனமாகப் பட்டியலிட்டது.

இதற்கு ஆய்வாளர்கள் கண்ட வழி ரொம்ப எளிமையானது. பீங்கானில் காம்பு செய்து கடலடியில் நட்டார்கள். கைமீன்கள் அதிலும் முட்டையிட்டன!

எத்தனை மிச்சம் என்று எப்படி எண்ணுகிறார்கள்? ஒவ்வொரு கைமீனின் புள்ளிகளும் வேறு வேறு, நம் கைரேகை மாதிரி. முக்குளிப்பவர்கள் படம் எடுத்து வந்து ஒப்பிட்டு, போன முறை பார்த்த அதே மீனா, புது மீனா என்று சொல்லிவிடலாம்.