ஜமக்காளம் மாதிரி அடித்துத் துவைத்தால் காசு போச்சு! 'பொசுபொசு' கார்ப்பெட்டை பாதுகாப்பது எப்படி?

ஈரோடு:

தீபாவளி வந்தால் போதும். வீட்டில் உள்ள ஜமக்காளம், போர்வை, திரைச்சீலை எல்லாவற்றையும் மொட்டை மாடிக்கு தூக்கிச் சென்று சோப்புத்தூள் போட்டு ஊறவைத்து, மிதித்து, கும்மி துவைத்து காயப் போடுவது நம்ம பக்கத்து வழக்கம். இப்போது அந்த மூட்டையோடு மூட்டையாக ஹாலில் கிடக்கும் 'பொசுபொசு' கார்ப்பெட்டும் மாடிக்கு போகிறது. அங்கேதான் வம்பே ஆரம்பம்.

கடைகளில் இதை 'ஷாகி' கார்ப்பெட் என்கிறார்கள். விரல் நீளத்துக்கு முடி நீட்டிக்கொண்டு, கால் வைத்தால் உள்ளே அமுங்கும். கடை, ஆன்லைன் என்று இல்லாமல் ரோட்டோரத்தில் சுருட்டி வைத்து விற்பவர்களிடமும் கிடைக்கிறது. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கி வந்து, முதல் துவைப்பிலேயே பாழாக்கி விட்டு, "சரக்கு சரியில்லை" என்று கடைக்காரரை திட்டுபவர்கள் உண்டு. பல நேரங்களில் தப்பு சரக்கில் இல்லை, துவைத்த விதத்தில்தான்.

அடியில் இருக்கிறது பசை

பவானி ஜமக்காளம் முழுக்க முழுக்க நெசவு. மேலும் கீழும் ஒரே மாதிரி இருக்கும். கல்லில் போட்டு அடித்தாலும் தாங்கும், ஒரே வெயிலில் காய்ந்து விடும். ஷாகி அப்படி இல்லை. விலை குறைந்த ரகங்களில் பெரும்பாலும் ஒரு துணியில் நூலை ஊசியால் குத்தி ஏற்றி, அது உருவி வராமல் இருக்க அடியில் ரப்பர் பசையை தடவி, அதன் மேல் இன்னொரு துணியை ஒட்டி இருப்பார்கள். தொட்டி தண்ணீரில் மணிக்கணக்கில் ஊறினால் அந்த பசை விட்டுப் போகும். உச்சி வெயிலில் போட்டால் காய்ந்து விறைத்து, வெள்ளை மாவு மாதிரி தரையில் கொட்டும். பிறகு முடி கொத்துக் கொத்தாக கையோடு வரும்.

இதன் பூர்வீகம் குளிர் நாடுகள். கிரேக்க நாட்டில் 'ஃப்ளொகாட்டி' என்ற கம்பளி விரிப்பை ஓடும் தண்ணீரில் சுழல விட்டுத்தான் முடியை பொசுபொசுவென ஆக்குவார்கள். "அவன் தண்ணீரில் போடுகிறானே" என்று கேட்கலாம். அது நெசவு, அடியில் பசை கிடையாது. அதுதான் வித்தியாசம்.

எனவே வாங்கியதும் முதலில் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தை பாருங்கள். முடிச்சும் நெசவும் தெரிந்தால் அது ஒரு ரகம். துணி ஒட்டி இருந்தால் பசை ரகம். முடி கம்பளியா, பாலியஸ்டரா என்று சந்தேகம் இருந்தால் ஒரே ஒரு இழையை பிடுங்கி, இடுக்கியில் பிடித்து, கேஸ் அடுப்பு பக்கம் போகாமல் வெளியே வைத்து தீக்குச்சியை காட்டுங்கள். தலைமுடி கருகும் நாற்றம் அடித்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. உருகி கடுகு மாதிரி கெட்டியாக உருண்டால் பாலியஸ்டர், நைலான் வகை.

பார்க்க சுத்தம், உள்ளே மண்

மொசைக் தரையில் தூசி இருந்தால் கண்ணுக்கு தெரியும். ஷாகியில் தெரியாது. மேலே பளிச்சென்று இருக்கும். மண், தலைமுடி, பிஸ்கட் தூள் எல்லாம் முடியின் வேருக்கு இறங்கி விடும். இந்த மண்தான் நடக்க நடக்க அரம் மாதிரி அறுத்து முடியை தேய்க்கிறது.

தூசியோடு கண்ணுக்கு தெரியாத தூசி உண்ணிகளும் சேரும். நம் உடம்பில் இருந்து உதிரும் தோல் செதிள்தான் அவற்றுக்கு சாப்பாடு. காற்றில் ஈரப்பதம் அதிகம் இருந்தால் நன்றாக பெருகும். அவற்றின் கழிவு மூச்சில் ஏறினால் சிலருக்கு தும்மல், மூக்கடைப்பு, வீசிங் வரும். தவழும் குழந்தையின் மூக்கு இந்த முடிக்குள்தான் இருக்கிறது என்பதை மறந்து விடக் கூடாது. வீசிங் உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில், அதுவும் அந்த பிள்ளை படுக்கும் அறையில், இது வேண்டவே வேண்டாம். எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

மற்றவர்கள் வாரம் ஒரு முறை கார்ப்பெட்டை வெளியே எடுத்து உதற வேண்டும். மாதம் ஒரு முறை மாடி கைப்பிடி சுவரில் முடி கீழே இருக்கும்படி போட்டு, முதுகுப் பக்கத்தில் பிரம்பால் தட்டுங்கள். கொட்டுகிற மண்ணை பார்த்தால் மயக்கமே வந்து விடும். தட்டுபவர் மூக்கில் துணி கட்டிக் கொள்ள வேண்டும். வாக்குவம் கிளீனர் வைத்திருப்பவர்கள் சுழலும் பிரஷ்ஷை நிறுத்தி விட்டு உறிஞ்சும் குழாயை மட்டும் போடுங்கள். பிரஷ் சுழன்றால் முடியை சுற்றி பிடுங்கி விடும். தானாக ஓடும் ரோபோவும் இதில் சிக்கிக் கொண்டு கத்தும்.

சாம்பார் கொட்டி விட்டதா?

துடைக்கிறேன் என்று தேய்த்தால் தொலைந்தது. கட்டியை கரண்டியால் வழித்து எடுத்து விட்டு, வெள்ளை துணியை வைத்து அழுத்தி ஒற்றி எடுங்கள். ஓரத்தில் இருந்து நடுவுக்கு வர வேண்டும். பச்சைத் தண்ணீரில் நனைத்த துணியால் மறுபடி ஒற்றுங்கள். மஞ்சள் கறையில் சோப்பு பட்டால் ரத்தம் மாதிரி சிவக்கும். பதற வேண்டாம், காரத்துக்கு மஞ்சள் அப்படித்தான் மாறும். கறை உள்ள இடத்தில் மட்டும் காலை இளவெயில் படும்படி வைத்தால் நிறம் மெல்ல மங்கும். கம்பளியாக இருந்தால் பிளீச்சிங் பவுடர் பக்கமே போகக் கூடாது. அது கம்பளியை கரைத்து விடும்.

எண்ணெய் சிந்தினால் சமையல் சோடா மாவை தூவி சில மணி நேரம் விட்டு உறிஞ்சி எடுக்கலாம். ஆனால் கை நிறைய கொட்டினால் அந்த மாவை வேரில் இருந்து எடுப்பது பெரிய பாடு.

கட்டாயம் கழுவியே தீர வேண்டும் என்றால், மண்ணை முழுசாக தட்டி எடுத்த பிறகுதான். ஒரு வாளி தண்ணீரில் சில சொட்டு மைல்டு ஷாம்பூ கலந்து, நுரையை மட்டும் ஸ்பாஞ்சில் எடுத்து முடியை துடையுங்கள். பிறகு பிழிந்த துணியால் நுரையை எடுங்கள். அடித்துணி நனையக் கூடாது. கொடியில் தொங்க விடாமல் கயிற்றுக் கட்டிலில் விரித்து நிழலில் போட்டால் கீழேயும் காற்று போகும். ஃபேனையும் போடுங்கள். ஒன்றிரண்டு நாளுக்குள் காயவில்லை என்றால் பூஞ்சை பிடித்து நாற்றம் வந்து விடும்.

அதனால்தான் தீபாவளிக்கு துவைப்பது ஆபத்து. ஐப்பசி, கார்த்திகை வடகிழக்கு பருவமழை காலம். சட்டையே காயாத நாளில் இது எங்கே காயும்? பொங்கல் முடிந்து மாசி, பங்குனியில் வைத்துக் கொள்வது நல்லது. மழைக் காலத்தில் சுத்தமாக தட்டி, மடிக்காமல் சுருட்டி, பழைய வேட்டியில் சுற்றி உயரமான இடத்தில் வைத்து விடலாம். பிளாஸ்டிக் உறையில் இறுக்கிக் கட்டினால் உள்ளேயே புழுங்கும். திரும்ப விரிப்பதற்கு முன் முடியை விலக்கி வேரில் ஒரு டிஷ்யூ பேப்பரை அழுத்திப் பாருங்கள். பேப்பரில் ஈரம் ஏறினால் இன்னும் ஒரு நாள் கட்டிலிலேயே கிடக்கட்டும்.