பேச்சில் ஒரு விநாடி

மாணவ நண்பர்களே, ஒரு சிறு புதிர். கள்ளக்குறிச்சியில் இருக்கும் ஒரு மாணவி, "கணக்குப் போட்டாயா?" என்று கேட்கிறாள். ஒரு தோழி அவளுக்கு எதிரே 1 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறாள். இன்னொரு தோழி கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையிலிருந்து வீடியோ அழைப்பில் பேசுகிறாள். கேள்வி யார் காதில் முதலில் விழும்?

காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர். ஆகவே எதிரில் இருப்பவளை அடைய 340இல் ஒரு பங்கு விநாடி ஆகும். ரேடியோ அலையின் வேகமோ விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். கணக்கிற்காகத் தொலைவை 50 கிலோமீட்டர் என்று கொண்டால், 6000இல் ஒரு பங்கு விநாடியே போதும். அப்படியானால் மலையில் இருப்பவளுக்குத்தானே முதலில் கேட்க வேண்டும்? இல்லை! அவளுக்குத்தான் கடைசியில் கேட்கிறது. ஏன்?

அலை தாமதிப்பதில்லை, கருவிகள் தாமதிக்கின்றன. செல்போன் குரலை எண்களாக மாற்றிச் சுருக்கி, சின்னஞ்சிறு பொட்டலங்களாக அனுப்புகிறது. அவை கோபுரம், கேபிள், எங்கோ ஒரு நகரிலுள்ள சர்வர் என்று சுற்றி வருகின்றன. முன்பின்னாக வந்து சேரும் பொட்டலங்களை வரிசைப்படுத்த, பெறும் செல்போன் சற்றுக் காத்திருந்து பிறகே ஒலிக்கிறது. இதற்கெல்லாம் 0.1 முதல் 0.3 விநாடி வரை ஆகலாம்.

இவ்வளவு சிறிய நேரம் ஒரு பொருட்டா என்று கேட்பீர்கள். 10 மொழிகளில் நடந்த உரையாடல்களை அளந்து 2009இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. ஒருவர் கேட்டு முடித்ததற்கும் மற்றவர் பதில் தொடங்குவதற்கும் இடைவெளி சராசரியாக 0.2 விநாடிதான்! எதிராளியின் குரல் இறங்குவதையும் கண்ணையும் கவனித்து, அவர் முடிக்குமுன்பே நாம் பதிலைத் தயாராக்கி விடுகிறோம். அந்த இடைவெளி நீண்டால், "இவருக்கு விருப்பமில்லை போலும்" என்று மனம் கருதுகிறது. தொலைபேசி உரையாடலில் வேண்டுமென்றே 1.2 விநாடி தாமதம் புகுத்திய ஓர் ஆய்வு ஜெர்மனியில் 2014இல் வெளியாயிற்று. பேசியவர்கள் கருவியைக் குறை கூறவில்லை; எதிரில் பேசியவரையே கவனக் குறைவானவர் என்று எண்ணினர்.

இப்போது மலைக்கு வருவோம். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டு, வகுப்புகள் செல்போனுக்கு மாறின. கல்வராயன் மலையின் பல சிற்றூர்களுக்கு அலை சரியாக எட்டவில்லை. செல்போன் அலையின் நீளம் சில சென்டிமீட்டர் முதல் சில பத்து சென்டிமீட்டர் வரைதான். பெரிய மலைமுகடு குறுக்கிட்டால் அது அவ்வளவாக வளைந்து செல்லாது. பள்ளத்தாக்கு அலையின் நிழலில் விழுகிறது. அலை மெலிந்தால் பொட்டலங்கள் தொலையும்; மறுபடி மறுபடி அனுப்ப வேண்டும்; தாமதம் கூடும். ஆசிரியர் கேள்வி கேட்டதும் நகரத்து மாணவன் பதில் சொல்லி விடுகிறான். மலையூர் மாணவிக்கு அப்போதுதான் கேள்வியே கேட்கிறது. அவளுடைய மௌனத்தை அறியாமை என்று நினைத்தால், அது எவ்வளவு பெரிய அநீதி!

2021 அக்டோபரில் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி'த் திட்டத்தைத் தொடங்கியது. தன்னார்வலர்கள் மாலை வேளையில் பிள்ளைகளை அவரவர் ஊரிலேயே கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுத்தனர். அங்கே புரியாத முகத்தைப் பார்த்ததுமே பாடத்தை நிறுத்தி, மீண்டும் விளக்க முடிந்தது.

செய்து பாருங்கள்

நண்பருடன் 2 நிமிடம் பேசுங்கள். அவர் ஒவ்வொரு முறை பேசி முடித்ததும், மனத்துக்குள் "ஆயிரத்து ஒன்று" என்று சொல்லிவிட்டுப் பதில் கூறுங்கள். காரணத்தை முன்கூட்டியே சொல்லாதீர்கள். முடிவில், "என்னைப் பற்றி என்ன நினைத்தாய்?" என்று கேட்டுக் குறித்துக் கொள்ளுங்கள். பிறகு மறவாமல் உண்மையைச் சொல்லி விடுங்கள்!

தொலைவிலுள்ளவரோடு பேச இணையம் அருமையான சாதனம். ஆனால் ஐயம் கேட்கவும், பிணக்குத் தீர்க்கவும் முடிந்தவரை நேரில் செல்லுங்கள். திரையில்தான் பேச வேண்டுமென்றால், கேள்வி கேட்டபின் இன்னும் ஒரு விநாடி பொறுத்திருங்கள். பதில் வழியில் வந்துகொண்டிருக்கலாம்.