'ரொமான்டிக் ரோடு': காதலர்களுக்காகப் போட்ட சாலையா இது?

மரச்சட்டம் தெரியும் ஒடுக்கமான மஞ்சள் வீடு. அதன் இரு பக்கமும் பிரிந்து போகும் கல் பாவிய தெரு. பின்னால் இரண்டு கோபுரங்கள். 'ஐரோப்பா ட்ரிப்' என்று இன்ஸ்டாகிராமில் தேடினால் இந்தப் படம் கண்ணில் படாமல் போகாது. ஜெர்மனியின் ரோட்டன்பர்க் நகரில் இருக்கும் 'ப்ளோன்லைன்' முனை அது.

இந்த ஊர் வழியாகப் போகும் சாலைக்குப் பெயர் 'ரொமான்டிக் ரோடு'. வடக்கே வூர்ட்ஸ்பர்க்கில் தொடங்கி, தெற்கே ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் உள்ள ஃபூஸன் வரை சுமார் 460 கி.மீ. ஹனிமூன், திருமண நாள் என்று காரை வாடகைக்கு எடுத்துக் கிளம்பும் ஜோடிகளுக்குப் பெயரே போதும், டிக்கெட் போட்டுவிடலாம். ஆனால், பெயருக்குப் பின்னால் இருக்கும் கதை வேறு.

எதற்காக உருவானது?

யாரும் புதிதாகப் போட்ட சாலை இல்லை இது. ஏற்கெனவே இருந்த சாலைகளை ஒரே பெயரில் கோத்து, 1950-ல் அறிமுகப்படுத்தினார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து அப்போது ஐந்தே வருஷம். ஜெர்மனி என்றால் உலகத்துக்கு ஹிட்லரும் வதை முகாமும்தான் நினைவுக்கு வந்தன. நாட்டுக்கு வேறொரு முகம் இருக்கிறது என்று காட்ட வேண்டும், சுற்றுலாப் பயணிகள் வர வேண்டும். பழைய கோட்டைச் சுவர், தேவாலயம், அரண்மனை என்று கோத்த மாலைக்கு வைத்த பெயர்தான் 'ரொமான்டிக்'. காதலர்களை மனதில் வைத்தல்ல, பழங்காலத்தின் மீதான ஏக்கத்தைக் குறித்தே அந்தச் சொல் வந்தது.

வழியில் என்ன இருக்கிறது?

வூர்ட்ஸ்பர்க்: 1945 மார்ச் 16 இரவு, பிரிட்டிஷ் விமானங்கள் சுமார் 20 நிமிடம் குண்டு வீசியதில் பழைய நகரம் ஏறக்குறைய முழுக்க எரிந்துபோனது. சுமார் 5,000 பேர் இறந்தார்கள். 'ரெஸிடென்ஸ்' அரண்மனையின் கூரையும் போனது. ஆனால், பால்தசார் நாய்மன் என்ற கட்டடக் கலைஞர் நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் எழுப்பிய படிக்கட்டு மண்டப வளைவு அப்படியே நின்றது. அதன் உட்புறத்தில் இத்தாலிய ஓவியர் தியெப்போலோ 1750-களில் வரைந்த பிரமாண்ட ஓவியமும் தப்பியது. போர் முடிந்ததும் மழையில் அது அழியாமல் இருக்கத் தற்காலிகக் கூரை போட ஏற்பாடு செய்தவர், ஜான் ஸ்கில்டன் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி. இன்று அந்த அரண்மனை யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம்.

ரோட்டன்பர்க்: பார்த்தால் நானூறு வருஷமாக யாரும் கை வைக்காத ஊர் மாதிரி இருக்கும். உண்மையில் 1945 மார்ச் 31 அன்று விழுந்த குண்டுகளில் ஊரின் சுமார் 40 சதவீதம் சிதைந்தது. மிச்சத்தையும் பீரங்கியால் தகர்க்க வேண்டாம் என்று தடுத்தவர், அமெரிக்கப் போர்த்துறை துணைச் செயலர் ஜான் மெக்லாய். அவருடைய அம்மா முன்பு இந்த ஊருக்கு வந்து மயங்கியவர் என்பதும் ஒரு காரணம். இடிந்த மதில் மறுபடி எழுந்தது உலகம் முழுக்க இருந்து வந்த நன்கொடையால். சுவரில் நடந்தால் கொடுத்தவர்களின் பெயர்களைக் கல்லில் படிக்கலாம்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். நாஜிகள் 'அசல் ஜெர்மன் நகரம்' என்று கொண்டாடிய ஊர் இது. எஞ்சியிருந்த யூதர்களை 1938 அக்டோபரில் இங்கிருந்து துரத்திவிட்டார்கள். அந்த அழகான தெருக்களுக்கு அந்த வரலாறும் உண்டு.

நோர்ட்லிங்கன்: சுமார் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்த பள்ளத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் ஊர். பள்ளத்தின் குறுக்களவு மட்டும் ஏறத்தாழ 25 கி.மீ. முதலில் எரிமலை என்றுதான் நினைத்தார்கள். 1960-ல் யூஜீன் ஷூமேக்கர், எட்வர்ட் சாவ் என்ற விஞ்ஞானிகள்தான் அது விண்கல் வேலை என்று நிரூபித்தார்கள். நிலவுக்குப் போகும் முன் அப்போலோ விண்வெளி வீரர்கள் 1970-ல் இங்கு வந்து பாறைகளைப் படித்தார்கள். ஊர்த் தேவாலயம் கட்டிய கல்லில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வைரத் துகள்கள் கலந்திருக்கின்றன. மதில்மேல் ஊரையே ஒரு சுற்று சுற்றி வரலாம்.

ஆக்ஸ்பர்க்: 'ஃபுக்கராய்' என்ற குடியிருப்பு இங்கே இருக்கிறது. வங்கித் தொழிலில் கொழித்த யாகோப் ஃபுக்கர், ஏழைகளுக்காக 16-ம் நூற்றாண்டில் கட்டியது. ஆண்டு வாடகை இன்றும் 0.88 யூரோ! மாதத்துக்கு இல்லை, வருஷத்துக்கு. சூடேற்றும் செலவு தனி. வறுமையில் இருக்கும் ஆக்ஸ்பர்க் கத்தோலிக்கர்களுக்கே இடம். தினமும் மூன்று பிரார்த்தனை சொல்ல வேண்டும். இரவு 10 மணிக்கு மேல் வந்தால் வாசலில் சின்ன அபராதமும் உண்டு. இசைமேதை மொஸார்ட்டின் கொள்ளுத் தாத்தா இங்கே குடியிருந்தவர்.

ஃபூஸன் அருகே நோய்ஷ்வான்ஸ்டைன்: 1869-ல் கட்டத் தொடங்கிய, டிஸ்னி கோட்டையின் முன்மாதிரி என்று சொல்லப்படும் மாளிகை. கட்டியவர் பவேரிய அரசர் இரண்டாம் லுட்விக். நிச்சயித்த கல்யாணத்தை 1867-ல் ரத்து செய்துவிட்டு, கடைசிவரை தனியாளாகவே இருந்தவர். கடனில் மூழ்கிய அவரை, மனநிலை சரியில்லை என்று 1886 ஜூனில் பதவியிலிருந்து இறக்கினார்கள். சில நாளில் ஏரியில் பிணமாகக் கிடைத்தார். யாரும் உள்ளே வரக் கூடாது என்று அவர் நினைத்த மாளிகை, சில வாரங்களிலேயே டிக்கெட் போட்டுத் திறக்கப்பட்டது.

கார் ஓட்ட என்ன தேவை?

இந்திய லைசென்ஸோடு, ஆர்.டி.ஓ. வழங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்க வேண்டும். அங்கே போய் வாங்க முடியாது. இருவரும் ஓட்டப் போகிறீர்கள் என்றால் இருவர் பெயரும் வாடகை ஒப்பந்தத்தில் இருக்கட்டும். பெயர் இல்லாதவர் ஓட்டி விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிட்டுவிடக்கூடும். ஆட்டோமேட்டிக் கார் வேண்டுமென்றால் புக் செய்யும்போதே கேட்டு உறுதி செய்ய வேண்டும்.

அங்கே வண்டி ஓடுவது வலப்பக்கம். ஊர்ப் பெயர் எழுதிய மஞ்சள் பலகை வந்தால், அந்த இடத்திலிருந்தே வேகம் 50 கி.மீ.தான், தனியாக எச்சரிக்கை இருக்காது. சிக்னலோ பலகையோ இல்லாத சந்திப்பில் வலப்பக்கம் வரும் வண்டிக்கே முன்னுரிமை. நம் ஊர்ப் பழக்கத்தில் முதலில் தடுமாறும் இடம் இதுதான்.

எத்தனை நாள்?

சும்மா மேப்பில் ஃபூஸன் என்று போட்டால், ஏ7 அதிவேகச் சாலையில் ஏற்றி மூன்று மணி நேரம் சொச்சத்தில் கொண்டுபோய் விட்டுவிடும், வழியில் ஒரு ஊரையும் பார்க்காமல். 'நெடுஞ்சாலை தவிர்' என்பதைத் தேர்வு செய்துவிட்டு, சாலையோரம் இருக்கும் பழுப்புநிறப் பலகைகளைப் பின்தொடர வேண்டும். அவசரமில்லாமல் பார்க்க ஐந்து நாள் தேவை. ஒரே ஆள் ஓட்ட, இன்னொருவர் மேப் பார்த்துத் திட்டு வாங்குவதைத் தவிர்க்க, தினமும் 100 கி.மீ. போதும்.

ரோட்டன்பர்க்கில் ஓர் இரவு கண்டிப்பாகத் தங்குங்கள். பகலில் பஸ் பஸ்ஸாக வரும் கூட்டம் மாலையில் கிளம்பிவிடும். காரை மதிலுக்கு வெளியே உள்ள பார்க்கிங்கில் விட்டுவிட்டு, இரவு உணவுக்குப் பிறகு நடந்தால் ப்ளோன்லைன் முனையில் அநேகமாக நீங்கள் இரண்டு பேர் மட்டும்தான் இருப்பீர்கள்.